நிலா எழும் நேரம்: அபூர்வ பௌர்ணமி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். 2016 நவம்பரில், தண்ணீர் போதாமல் காய்ந்து கிடந்த ஒரு வயல் வரப்பில் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து நிலா எழுவதைக் காட்டினேன். அதிலிருந்து எந்த அபூர்வ பௌர்ணமி வந்தாலும் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தந்திருக்கிறேன்.

அபூர்வ நிலா, அபூர்வ நிலான்னு வாட்ஸ்அப்புல வருதே, அதுல அப்படி என்ன அபூர்வம்?

மூன்று விஷயங்களை இந்தப் பெயரில் சொல்கிறார்கள். நிலா பூமிக்கு மிக அருகில் இருக்கும்போது வரும் பௌர்ணமி சூப்பர் மூன். ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டாவதாக வரும் பௌர்ணமி புளூ மூன், அதாவது நீல நிலா. முழுச் சந்திர கிரகணத்தில் செம்பு நிறமாகும் நிலா பிளட் மூன். இந்த மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் அது உண்மையிலேயே அபூர்வம். 2018 ஜனவரி 31 அப்படி ஒரு நாள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தனித்தனியாகப் பார்த்தால் சூப்பர் மூன் வருடத்துக்கு மூன்று நான்கு கூட வரும். நீல நிலா ஏறக்குறைய இரண்டரை, மூன்று வருடத்துக்கு ஒன்று. என்னைக் கேட்டால், நம் ஊரில் நிஜமாகவே அரிதாகிப்போனது நிலா எழும் அந்தப் பத்து நிமிடத்தை வெளியே நின்று பார்க்கிற ஆட்கள்தான்.

எத்தனை மணிக்குப் போகணும்? ராத்திரி சாப்பிட்டுட்டு மொட்டை மாடிக்குப் போனா போதாதா?

போதாது. எல்லோரும் செய்யும் தவறு இதுதான். ஒன்பது மணிக்கு மாடி ஏறினால் நிலா உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். வெள்ளை வெளேரென்று இருக்கும், ஆனால் மற்ற பௌர்ணமிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று இறங்கி வந்தவர்கள் எல்லோரும் ஒன்பது மணிக்குப் போனவர்கள்தான்.

பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்குவதும் நிலா கிழக்கே எழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். தஞ்சாவூரில் நவம்பர் கடைசியில் 5.45 வாக்கில் சூரியன் மறையும். ஜூன், ஜூலையில் 6.40 ஆகிவிடும். அந்த நேரத்துக்குக் கால் மணி முன்பே போய் இடம் பிடித்துவிடுங்கள். நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு தஞ்சாவூரைவிட மூன்று நிமிடம் முன்னதாகவே நிலா வரும், அவர்கள் கிழக்கே இருப்பதால்.

முதல் கீற்று தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நிலா சாய்ந்து போகாமல் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும். கிணற்றிலிருந்து குடத்தைச் சேந்துவது போல இருக்கும்.

காலண்டர்ல பௌர்ணமின்னு ஒரு நாள் போட்டிருக்கு, நீங்க மறுநாள் வாங்கன்றீங்க. எது சரி?

இரண்டும் சரிதான். பஞ்சாங்கத்தில் பௌர்ணமித் திதி என்பது ஏறக்குறைய ஒரு நாள் நீளமுள்ள பொழுது. நிலா சூரியனிலிருந்து 168 பாகை விலகியதும் அது தொடங்கும், 180 பாகையை எட்டியதும் முடியும். அந்த 180 பாகைதான் வானியல் சொல்லும் முழுநிலவு. ஆகவே காலண்டரில் "பௌர்ணமி இத்தனை மணி வரை" என்று போட்டிருந்தால், அந்த மணிதான் நிலா முழுமை அடையும் நேரம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு வேறு எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரே போதும்.

திதி முடியும் நேரம் பகலில் வந்தால் அன்று மாலையே போங்கள். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் நிலா எழும். உதாரணத்துக்கு 2026 மே 31-ஐ எடுத்துக்கொள்ளலாம். முழுநிலவு மதியம் 2.15 வாக்கில். திதியை வைத்துப் பார்த்தால் கிரிவலத்துக்கு 30-ஆம் தேதி இரவு. நிலா எழுவதை இருட்டத் தொடங்கும் வானத்தில் பார்க்க 31-ஆம் தேதி மாலை. முதல் நாள் பார்த்தால் பகல் வெளிச்சம் தீருமுன்பே நிலா வெளுத்த அப்பளம் போல மேலே வந்திருக்கும். ஒரு நாளுக்கு மறுநாள் நிலா சராசரியாக 50 நிமிடம் தாமதமாக வரும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கிழக்குன்னு சொன்னீங்க, நான் நேர் கிழக்கையே பாத்துட்டு இருந்தேன். நிலா எங்கேயோ ஓரத்துல வந்துச்சே?

நிலா எல்லா மாதமும் நேர் கிழக்கில் வராது. பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்ப்புறம் நிற்பது. ஆனி மாதம் சூரியன் வடமேற்கில் மறையும்போது நிலா தென்கிழக்கில் எழும். மார்கழி, தையில் சூரியன் தென்மேற்கே மறையும், நிலா வடகிழக்கில் வந்து நடு இரவில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். பங்குனியிலும் புரட்டாசியிலும்தான் நேர் கிழக்குக்குப் பக்கத்தில் வரும்.

எவ்வளவு தள்ளி என்பது 18.6 ஆண்டுச் சுற்றில் மாறும். 2024, 2025-இல் அது உச்சத்துக்குப் போய் கிழக்கிலிருந்து 28 பாகைக்கும் மேல் விலகியது. 2034 வாக்கில் 18 பாகையோடு நின்றுவிடும். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. கோயில் ராஜகோபுரம் கிழக்கு பார்த்து இருந்தால் அதை வைத்து நேர் கிழக்கைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இரண்டு முட்டியோ மூன்று முட்டியோ அளந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இந்த அளவை ரொம்பப் பிடிக்கும்.

எங்க ஊர்ல சுத்தி தென்னந்தோப்புதான். எங்க நின்னு பாக்குறது?

டெல்டாக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நம் ஆறுகளில் பெரும்பாலானவை கிழக்கே ஓடுகின்றன. காவிரியோ வெண்ணாறோ அரசலாறோ, ஏதாவது ஒரு பாலத்தில் ஏறித் தண்ணீர் போகும் பக்கம் திரும்பி நின்றால் கிழக்கு திறந்து கிடக்கும். ஆறு வளையும் இடங்களில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து அதிகமுள்ள பாலத்தில் பிள்ளைகளோடு நிற்காதீர்கள். நடந்து போகும் பாலமோ படித்துறையோ போதும். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். தண்ணீர் ஓடும் காலத்தில் ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் மணல் திட்டில் உட்காரலாம்.

எனக்குப் பிடித்த இடம் வயல்தான், அதுவும் மாசி மாதம். சம்பா அறுத்து முடித்து, தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் கணுக்கால் உயரத்தில் நிற்கும். கண்ணுக்கு எட்டிய வரை மறைப்பு இருக்காது. வரப்பில் போகும்போது டார்ச் கட்டாயம், செருப்புக்குப் பதில் ஷூ நல்லது. விரியன் நடமாடும் நேரம் அது. கடல் அருகே இருப்பவர்களுக்குப் பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று வரிசையாகக் கிழக்குக் கரை இருக்கிறது.

கடற்கரையிலேயே நின்னேன். குறிச்ச நேரம் தாண்டியும் நிலா வரலை. நேரம் தப்பா?

நேரம் சரியாகத்தான் இருந்திருக்கும். அடிவானத்தை ஒட்டி ஈரமும் தூசியுமாக ஒரு திரை எப்போதும் இருக்கும். பல மாலைகளில் நிலா அதைத் தாண்டி மேலே வர ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் கிளம்பிவிடக் கூடாது. மார்கழிப் பனியில் இன்னும் கூட ஆகலாம்.

அந்தத் திரைதான் நிலாவுக்கு நிறமும் தருகிறது. அடிவானத்தில் இருக்கும் நிலாவின் ஒளி நிறையக் காற்றைக் கடந்து வர வேண்டியிருப்பதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சும். அடிப்பக்கம் கொஞ்சம் அமுங்கி இருப்பதையும் கவனியுங்கள். காற்று ஒளியை வளைக்கிறது. நிலாவின் கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்கிக் காட்டுவதால் அது வட்டமாக இல்லாமல் தட்டையாகத் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. நிலா கடலைத் தொட்டு நிற்பதாக நாம் பார்க்கும் நொடியில் அது உண்மையில் இன்னும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கும்.

எழும்பும்போது தாம்பாளம் மாதிரி இருக்கு, மேல போனா சின்னதாயிடுதே, ஏன்?

சின்னதாவதில்லை, நம் கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது. மரமும் கூரையும் பக்கத்தில் இருக்கும்போது மனம் நிலாவைப் பெரிதாகக் கணக்குப் போடுகிறது. இது ஏன் என்று பல நூற்றாண்டுகளாக விவாதம் நடக்கிறது, ஆனால் அளவு மாறுவதில்லை என்பதில் சந்தேகமே கிடையாது. சொல்லப்போனால் எழும் நிலா உச்சி நிலாவைவிட நமக்குச் சற்றே தூரத்தில்தான் இருக்கிறது, அதிகபட்சம் பூமியின் ஆரத்தின் அளவு, அதாவது 6,400 கி.மீ. வரை.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. கையை முழுதும் நீட்டி இரண்டு விரலுக்கு நடுவே ஒரு உளுந்தைப் பிடித்து நிலாவுக்கு நேரே கொண்டுபோங்கள். நிலா உளுந்தைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும். ஒரு பட்டாணி அதை முழுதும் மறைத்துவிடும். எழும்போது ஒருமுறை, ஒன்பது மணிக்கு ஒருமுறை பாருங்கள். எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பட்டாணியை டப்பாவில் பத்திரப்படுத்தி இரண்டு வேளையும் பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். பட்டாணி இல்லாவிட்டால் குனிந்து கால்களுக்கு இடையே தலைகீழாகப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பெரிய தோற்றம் குறைந்துவிடும்.

அப்ப சூப்பர் மூன் பெருசுன்னு சொல்றது பொய்யா?

பொய் இல்லை, கொஞ்சம் ஊதிச் சொல்கிறார்கள். நிலா பூமியை நீள்வட்டமாகச் சுற்றுகிறது. மிக அருகில் வரும்போது சுமார் 3,56,500 கி.மீ., மிகத் தள்ளிப் போகும்போது 4,06,000 கி.மீ.க்கும் மேல். மிக அருகில் உள்ள பௌர்ணமி, மிகத் தொலைவில் உள்ள பௌர்ணமியைவிட விட்டத்தில் 14 சதவீதம் பெரிது, வெளிச்சத்தில் 30 சதவீதம் அதிகம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாததால் வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. அந்தப் பெயரை 1979-இல் வைத்தவர் ரிச்சர்ட் நோல் என்ற அமெரிக்க சோதிடர், வானியலாளர் அல்ல.

ஆனாலும் சில பௌர்ணமிகள் தனி. 2016 நவம்பர் 14, ஐப்பசிப் பௌர்ணமி. 1948-க்குப் பிறகு அவ்வளவு அருகில் பௌர்ணமி நிலா வந்ததே இல்லை. நான் முதலில் சொன்ன வரப்பு அன்றைய வரப்புதான்.

நீல நிலா நீலமா இருக்குமா?

இருக்காது. வழக்கமான நிலாவேதான். ஒரு காலத்தில் ஒரு பருவத்தில் நான்கு பௌர்ணமி வந்தால் மூன்றாவதை அப்படி அழைத்தார்கள். 1946-இல் ஓர் அமெரிக்க வானியல் இதழில் வந்த கட்டுரை இதைத் தவறாகப் புரிந்துகொண்டு மாதத்தின் இரண்டாவது பௌர்ணமி என்று எழுத, அதுவே நிலைத்துவிட்டது. நிலா நிஜமாகவே நீலமாகத் தெரிந்ததும் உண்டு. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது அதன் சாம்பல் அப்படிக் காட்டியது.

இந்த அபூர்வம் முழுக்க ஆங்கிலக் காலண்டரைப் பொறுத்தது. 2026 மே மாதத்தில் 1-ஆம் தேதியும் 31-ஆம் தேதியும் பௌர்ணமி. நம் கணக்கில் முன்னது சித்திரா பௌர்ணமி, பின்னது வைகாசிப் பௌர்ணமி, வெவ்வேறு மாதம். நம் மாதத்தில் இரண்டு பௌர்ணமியோ இரண்டு அமாவாசையோ வந்தால் மல மாதம் என்று சொல்லி நல்ல காரியத்தைத் தள்ளிப்போடும் வழக்கம் உண்டு. அங்கே கொண்டாட்டம், இங்கே ஒத்திவைப்பு!

ஸ்ட்ராபெரி மூன், பிங்க் மூன்னு எல்லாம் வருதே, அதெல்லாம் என்ன நிறம்?

எல்லாம் நிலா நிறம்தான். வட அமெரிக்காவில் அந்தந்த மாதத்தில் காய்ப்பதையும் பூப்பதையும் வைத்துக் கொடுத்த பெயர்கள். ஜூனில் அங்கே ஸ்ட்ராபெரி பறிப்பார்கள். நமக்குச் சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், ஐப்பசி அன்னாபிஷேகம், கார்த்திகை தீபம், தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம் இருக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய லிங்கம் முழுதும் சோறு சாத்தி நிற்கும் ஐப்பசிப் பௌர்ணமிக்கு அயல்பெயர் எதற்கு?

கிரகணத்தோடவே நிலா எழும்புமா? நீங்க பாத்திருக்கீங்களா?

2018 ஜனவரி 31, தைப்பூசம். சூப்பர் மூன், நீல நிலா, முழுக் கிரகணம் மூன்றும் சேர்ந்த நாள். அந்த மாதத்தின் முதல் பௌர்ணமி ஜனவரி 2, மார்கழித் திருவாதிரை. நம் நேரப்படி மாலை 5.18-க்கே பூமியின் நிழல் நிலாவில் விழத் தொடங்கிவிட்டது. நமக்கு நிலா எழுந்தபோது பெரும்பகுதி மறைந்திருந்தது. 6.21-க்கு முழுதும் மறைந்து, 7.37 வரை அப்படியே இருந்தது.

பூம்புகார் கடற்கரைக்கு வேன் பிடித்துப் போனோம். ஆறேகால் ஆனது, ஆறரை ஆனது, கடலுக்கு மேல் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. மேகம் என்று நினைத்துப் பாதிப் பேர் வேனுக்குத் திரும்பினார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்த கருவாட்டுக்கார அம்மா ஒருவர்தான் முதலில் பார்த்தார். "அந்தா பாருங்க, பழைய செம்புக் காசு மாதிரி." அடிவானத்துக்கு அரை முட்டி மேலே, கண் பழகினால்தான் தெரியும் ஒரு மங்கிய வட்டம். அது ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது, நாங்கள்தான் வெள்ளையாக எதையோ தேடிக்கொண்டிருந்தோம். அதன்பின் இருட்ட இருட்டச் சிவப்புக் கூடிக்கொண்டே வந்தது. உலகெங்கும் அந்த நேரத்தில் நடக்கும் விடியல்களின், அந்திகளின் செவ்வொளியைப் பூமியின் காற்று வளைத்து நிலாமேல் போடுகிறது, அதனால்தான் அந்த நிறம்.

இன்னொன்றை மறக்கவே முடியாது. தைப்பூசத்தன்று நிலா கடக ராசியில், பூச நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும். பூசம் மங்கலான விண்மீன்கள், எந்தத் தைப்பூசத்திலும் நிலா வெளிச்சத்தில் கரைந்துபோகும். அன்று ஏழரை மணிக்கு நிலா சிவந்து அடங்கி இருந்ததால் பக்கத்திலேயே புகைபோல அந்தக் கூட்டம் தெரிந்தது. தைப்பூசத்தன்று பூசத்தைக் கண்ணால் கண்டது அந்த ஒரு முறைதான்.

பொண்ணு மாசமா இருக்கா. கிரகண நிலாவைப் பாக்கலாமா?

சந்திர கிரகணம் என்பது நிலாமேல் பூமியின் நிழல் விழுவது. அங்கிருந்து வழக்கத்துக்கு மாறான எந்தக் கதிரும் வருவதில்லை. வெறுங்கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம், கண்ணாடி தேவையில்லை. சூரிய கிரகணத்துக்குச் சொல்லும் எச்சரிக்கையை இதற்கும் சேர்த்துக்கொள்கிறார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இதனால் எதுவும் ஆகாது. வீட்டில் பெரியவர்கள் மனம் சங்கடப்பட்டால் அவர்களோடு சண்டை வேண்டாம், ஆனால் அந்தப் பெண்ணைப் பட்டினி போடாதீர்கள், தண்ணீரை மறுக்காதீர்கள். அதுதான் நிஜமாகவே கெடுதல்.

பெரிய நிலா வந்தா கடல் பொங்கும்னு பயமா இருக்கு. சுனாமி வந்தது பௌர்ணமி அன்னிக்குத்தானே?

இதைக் கேட்டவர் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குப்பத்து அக்கா. ஆமாம், 2004 டிசம்பர் 26 மார்கழிப் பௌர்ணமிதான். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அந்த நாளையும் நிலாவையும் சேர்த்து நினைக்கிற மனதை நான் தவறு சொல்ல மாட்டேன்.

ஆனால் காரணம் நிலா இல்லை. அன்று காலை நம் நேரம் 6.29-க்கு சுமத்ரா அருகே கடலுக்கடியில் 9.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. கடல்தரை தூக்கப்பட்டதால் அலை கிளம்பியது. அன்று நிலா சூப்பர் மூனும் அல்ல, அதற்கு நேர் எதிராக, தன் சுற்றில் மிகத் தொலைவான இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் ஏற்றம் கூடுவது உண்மை, சூப்பர் மூனுக்கு இன்னும் சில அங்குலம் கூடலாம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் மட்டும் கரைக்குப் போகாதீர்கள்.

செல்போன்ல எடுத்தா வெள்ளைப் பொட்டு மாதிரி வருது. என்ன பண்றது?

போன் கேமரா அகலமாகப் பார்ப்பதற்குச் செய்தது, உளுந்து அளவு நிலா அதில் பொட்டாகத்தான் வரும். ஜூம் இருந்தால் லென்ஸ் தாங்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். திரையில் நிலாவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறைத்தால் வெள்ளை போய் உள்ளே இருக்கும் கறைகள் தெரியும். போனை வரப்புக் கல்லிலோ பைக் சீட்டிலோ சாய்த்து வைத்து டைமர் போடுங்கள்.

நிலா எழுந்த முதல் பத்து நிமிடம்தான் படத்துக்கும் நல்லது. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருப்பதால் பனைமரமும் கோபுரமும் நிலாவும் ஒரே படத்தில் விழும். கோபுரத்துக்குப் பக்கத்தில் நிலா பெரிதாக வேண்டுமென்றால் கோபுரத்திலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போய் அங்கிருந்து ஜூம் செய்ய வேண்டும். இரண்டு படம் எடுத்துவிட்டுப் போனைப் பையில் வையுங்கள்.

அன்னிக்குன்னு பாத்து மேகம் மூடிட்டா?

ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அடைமழைக் காலம், அது நடக்கத்தான் செய்யும். முதல் நாளும் மறுநாளும் நிலாவின் அளவில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது. மறுநாள் 50 நிமிடம் தள்ளிப் போங்கள். புளியோதரை கட்டி வைத்திருந்தால் வீணாக்க வேண்டாம், பிள்ளைகளை வாசலில் உட்கார வைத்து நிலாச்சோறாகக் கையில் உருட்டிக் கொடுங்கள். மேகம் விலகினால் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அடுத்தடுத்து எப்ப வருது? குறிச்சு வச்சுக்கிறேன்.

2026 டிசம்பர் 24 சூப்பர் மூன், சுமார் 3,56,740 கி.மீ. முழுமை அடைவது காலை ஏழு மணிக்குச் சற்று முன். மேலே சொன்ன கணக்குப்படி 24 மாலைதான் நல்லது.

2028 டிசம்பர் 31 நீல நிலாவும் முழுக் கிரகணமும். நிலா மாலையில் வழக்கம்போல எழும், இரவு 9.46 முதல் 10.58 வரை முழுதும் சிவந்திருக்கும். புத்தாண்டுக்கு விழித்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னதாகவே மாடிக்குப் போய்விடலாம்.

2034 நவம்பர் 25 நான் காத்திருக்கும் நாள். 2016-ஐவிடவும் அருகே, சுமார் 3,56,450 கி.மீ. தொலைவில் நிலா இருக்கும். அன்று கார்த்திகைப் பௌர்ணமி. 5.20 வாக்கில், சூரியன் மறையும் முன்பே நிலா எழுந்துவிடும். அதனால் அகல்களுக்கு எண்ணெய் ஊற்றித் திரி போட்டு மூன்று மணிக்கே வைத்துவிட்டு எங்கள் வரப்புக்கு வந்துவிடுங்கள். 2016-இல் உட்கார்ந்த பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போதே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிலாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது விளக்கேற்றும் நேரம் சரியாக இருக்கும்.